வெந்நீரில் கரையும் மின்சாரம்

ஐயா,

மின்சாரச் சிக்கனம் என்றாலே விளக்குகளைப் பற்றித்தான் பேசுகிறோம். வாட்டர் ஹீட்டர் நினைவுக்கு வருவதில்லை. ஹீட்டரின் கம்பிச்சுருள், வாங்கும் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக்கிவிடுவதால், இழப்பின் பெரும்பகுதி, சூடேறிய நீர் தொட்டியிலும் குழாயிலும் காத்துக்கிடக்கும்போதே நேர்கிறது. வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் முதலில் வந்து வீணாய் ஓடும் குளிர்ந்த நீர், முன்பு காசு கொடுத்துச் சூடாக்கி உள்ளேயே ஆறவிட்டதுதான். தொட்டியிலிருந்து கிளம்பும் குழாயின் முதல் சில அடிகளுக்காவது வெப்பத்தைத் தடுக்கும் நுரை உறை போடுவதும், சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதற்குப் பதிலாக 60 டிகிரி செல்சியஸில் நிறுத்துவதும் சொற்பச் செலவில் முடிகிற காரியங்கள். (மிகவும் குறைத்தால் தேங்கிய நீரில், நுரையீரல் நோய் தரும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகக்கூடும்.) புதிதாக வாங்குவோர், காற்றின் வெப்பத்தை ஈர்த்து, செலவிடும் மின்சாரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு வெப்பம் தரும் ஹீட் பம்ப் வகையையும் விற்பனையாளரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்