டிரமடால்: தொடங்கும் முன்பும் நிறுத்தும் முன்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘வலி நிவாரணி மாத்திரைகளைப் போதைக்கு விற்றவர்கள் கைது’ என்ற செய்தி மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. எந்த மாத்திரை என்று பல செய்திகளில் இருப்பதில்லை. டேபென்டடால் போன்ற சில அபின் வகை மருந்துகளைத்தான் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். பெயரைப் போடாமல் விடுவதால், புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு எழுதிய மார்ஃபினைக் குடும்பத்தார் கொடுக்கப் பயப்படுகிறார்கள். முழங்கால் வலிக்கு மாதக்கணக்கில் டிரமடால் சாப்பிடும் பாட்டிக்கோ, அதுவும் அதே வகை மருந்து என்பது தெரிவதில்லை. மருந்தின் பெயரையும், ‘மருத்துவர் எழுதித் தந்ததைத் திடீரென நிறுத்த வேண்டாம்’ என்ற ஒரு வரியையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. மாத்திரை அட்டையின் மூலையில் சிவப்பு எழுத்தில் ‘என்ஆர்எக்ஸ்’ (NRx) என்று இருந்தால் அது இந்தச் சட்டத்துக்குள் வரும் மருந்து. இங்கே அதிகம் எழுதப்படுவது டிரமடால் 37.5 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. சேர்ந்த கூட்டு மாத்திரை. இதில்தான் கணக்கு தவறுகிறது. நாளைக்கு நான்கு கூட்டு மாத்திரையில் 1,300 மி.கி. பாராசிட்டமால் உள்ளே போகிறது. உடம்பு வலிக்கிறதே என்று 650 மி.கி. பாராசிட்டமால் மாத்திரையையும் நான்கு வேளை போட்டால் மொத்தம் 3,900 மி.கி. ஆரோக்கியமான பெரியவருக்கே நாளுக்கு 4,000 மி.கி.தான் உச்சவரம்பு, மெலிந்த உடம்புக்கும் குடிப்பழக்கம் உள்ளவருக்கும் அதைவிடக் குறைவு. தாண்டினால் கல்லீரல் கெடும்.

மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் அபின் வகை மருந்து உண்மையிலேயே உதவுகிறதா? 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முதுகு, இடுப்பு, முழங்கால் வலி நாள்பட்டிருந்த 240 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அபின் வகை மருந்தும் மறு பிரிவுக்கு மற்ற வலி மருந்துகளும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். அன்றாட வேலை செய்யும் திறனில் வித்தியாசம் இல்லை. வலி குறைந்ததில் மற்ற மருந்து எடுத்தவர்களே சற்று மேல். பக்கவிளைவும் அவர்களுக்குத்தான் குறைவு. ஆகவே தொடைத்தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு, பூச்சு மருந்து ஆகியவற்றைப் பார்த்த பிறகே டிரமடாலை யோசிக்க வேண்டும். அதற்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. சிறுநீரகக் கோளாறோ குடற்புண்ணோ இதய நோயோ இருந்து டைக்ளோஃபெனாக் போன்ற வழக்கமான வலி மாத்திரை கொடுக்க முடியாதவருக்கு அது பயன்படும். ஆனால் சிறுநீரகம் மிகவும் பழுதாகியிருந்தால் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு 200 மி.கி.க்கு மேல் கூடாது. மற்றவர்களுக்கு உச்சவரம்பு 400 மி.கி., 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 300.

தொடங்கும் நாளிலேயே இலக்கைப் பேசிக்கொள்ள வேண்டும். ‘வலி பத்துக்கு எவ்வளவு’ என்று கேட்டால் மட்டும் போதாது. தெருமுனைக் கடைவரை நடக்க முடிகிறதா, இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது என்று கேளுங்கள். நான்கு வாரத்துக்குள் இதில் கண்கூடான மாற்றம் இல்லையென்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல் மருந்தை விலக்குவதே சரி.

மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொள்ளலாம். மற்றப் பக்கவிளைவுகள் பழகிவிடும், இது பழகாது. வாழைப்பழம் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். மருந்து குடலின் அசைவையே குறைப்பதால், நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் இறுகி அடைத்துக்கொள்ளும். முதல் நாளிலிருந்தே பைசகோடில் போன்ற மலமிளக்கியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை: வலிப்பு நோய், மனச்சோர்வு மாத்திரை, தூக்க மாத்திரை, மது. டிரமடால் வலிப்பைத் தூண்டும். சில மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், படபடப்பு என்று ஆபத்தாக முடியும். அல்பிரஸோலம், குளோனாஸிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளோடோ நரம்பு வலி மருந்தான பிரீகாபலினோடோ சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். எழுப்பினாலும் எழவில்லை, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது, நிமிடத்துக்குப் பத்து மூச்சுகூட இல்லை என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிக்குத் திடீரென வியர்த்துத் தலை சுற்றினால் சர்க்கரை அளவையும் பாருங்கள். டிரமடால் அதைத் தாழ்த்துவதுண்டு.

நிறுத்துவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரேயடியாக விட்டால் ஓரிரு நாளில் மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, புல்லரிப்பு, தூக்கமின்மை, கூடவே வலியும் ஏறும். ‘பழைய வலி திரும்பிவிட்டது’ என்று நினைத்து மறுபடி மாத்திரையை எடுக்கிறார்கள். அது மருந்து விலகும்போது வரும் தொந்தரவு. நாளுக்கு மூன்று மாத்திரை சில வாரங்கள் மட்டும் எடுத்தவர் என்றால் நாளளவில் வாரத்துக்கு ஒரு மாத்திரை வீதம் குறைத்து வரலாம். ஓராண்டு தாண்டியவருக்கு மாதம் பத்து சதவீதம் என்ற வேகம் போதும். இடையில் தாங்க முடியவில்லையென்றால் அந்த அளவிலேயே சில வாரம் நின்றுவிட்டுப் பிறகு தொடர்ந்து குறைக்கலாம்.

புற்றுநோய் வலி வேறு கணக்கு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 2014-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி இருப்பு வைப்பது எளிதாகியிருக்கிறது. சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரமே வேலை செய்யும். வலி வந்த பிறகு கொடுப்பது என்றில்லாமல் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். இடையில் வலி பீறிட்டால் ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதியிருப்பார். அதைக் கொடுக்கத் தயங்காதீர்கள். மாத்திரையைப் பூட்டி வைத்து, கொடுத்த நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மீந்தவற்றைக் குப்பையில் போட வேண்டாம். கொடுத்த மருத்துவமனையிலேயே எண்ணி ஒப்படைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சை மருத்துவர்கள்,
மதுரை