அடைக்குப் படுக்கிற கோழி

போச்சம்பள்ளி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. புரட்டாசி என்பதால் கோழி கேட்டு ஆள் வருவதில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

ரிட்டயர் ஆனதும் பாலக்கோட்டு நிலத்தில் கோழி வளர்க்கப் போகிறாய், எந்த இனம் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். நானும் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தவன்தான். ஹைதராபாத்தில் உருவாக்கிய வனராஜா, பெங்களூரு கிரிராஜா, மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத், அப்புறம் கின்னிக்கோழி. வனராஜா சீக்கிரம் எடை போடும், நம் கோழியைவிட முட்டையும் அதிகம். ஆனால் உடம்பு கனம். பருந்து நிழல் தெரிந்தால் நம் சிறுவிடை நாட்டுக்கோழி வேலிக்குள் பாய்ந்துவிடும், வனராஜா மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்க்கும். கடக்நாத்துக்குக் கறி, தோல், எலும்பு எல்லாம் கறுப்பு. 2018இல் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டதால் விலை விசாரிக்க நிறையப் பேர் வருகிறார்கள், வாங்குகிறவர்கள் கொஞ்சம்தான். முட்டையும் கறுப்பா என்று கேட்காதவர் இல்லை. இல்லையப்பா, வெளிர் பழுப்புதான்.

கடக்நாத்தில் என்னிடம் இருந்த 6 பெட்டையும் முட்டை இட்டதோடு சரி, ஒன்றுகூட அடைக்குப் படுக்கவில்லை. கடைசியில் அந்த முட்டைகளை நம் செவலைச் சிறுவிடையிடம்தான் கொடுத்தேன். மூங்கில் கூடையில் உமி பரப்பி, இடிக்குப் பயந்து அம்மா சொல்கிறபடி ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் போட்டு வைத்தேன். 21ஆம் நாள் சிவப்புக் கோழியின் இறக்கைக்குள்ளிருந்து கறுப்புக் கறுப்பாய்த் தலைகள் எட்டிப் பார்த்தன.

அடுத்த முறை அதனிடமே 12 கின்னி முட்டை வைத்தேன். அதற்கு 26, 28 நாள் ஆகும். பாவம், 21 தாண்டியும் அசையவில்லை. தண்ணிக்கும் தீனிக்கும் இறங்கும், ஐந்து நிமிஷத்தில் திரும்பிவிடும். கையை நீட்டினால் கொத்தும். 9 பொரித்தன. ஒன்றரை மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அத்தனையும் படபடவென்று மாமரக் கிளையில் ஏறிவிட்டன. தாய் கீழே நின்று கொக்கரித்துக் கூப்பிடுகிறது, மேலே இருக்கிறவை கண்டுகொள்ளவில்லை. இருட்டும் வரை அது கூட்டுக்குப் போகவில்லை. நானும் போகவில்லை.

ஆகவே இனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் நன்றாக அடைப்படுக்கிற நாலு சிறுவிடை வேண்டும். வருஷத்துக்கு 60, 70 முட்டைதான் இடும். இருக்கட்டும். இன்குபேட்டர் வேண்டாம், குஞ்சுக்குப் பல்பு வேண்டாம், கரண்ட் போனாலும் கவலை இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் நான் செய்த தப்பைச் செய்யாதே. ரெண்டு வருஷம் முன்பு சித்திரையில் நம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 5 கோழி வாங்கி, அன்றைக்கே கூட்டத்தில் விட்டேன். வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து பத்து நாளில் 31 கோழி போயிற்று. மாட்டுக்கொட்டகை ஓரம் குழி வெட்டி வெட்டிக் கை காய்த்தது. இப்போது புதுக்கோழி எதுவானாலும் மூன்று வாரம் தனிக்கொட்டகைதான். அந்த நோய்க்குத் தடுப்பு மருந்தாகக் குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணில் லசோட்டா சொட்டு, 8ஆம் வாரம் இறக்கையடியில் ஊசி. ஓசூர் மத்திகிரியில் கோழிக்கென்றே கல்லூரி இருக்கிறது, சந்தேகம் வந்தால் அங்கே போய்க் கேள். என்னைக் கேட்டால் என் அனுபவத்தைத்தான் சொல்வேன்.

தையில் வருகிறாய் அல்லவா? செவலையின் மகள்கள் ரெண்டு முட்டைக்கு வந்திருக்கும், உனக்கு எடுத்து வைக்கிறேன். களியும் குழம்பும் உண்டு, குழம்புக்குச் சேவல்தான். கூடை ஒன்று மறக்காமல் கொண்டு வா. போன தடவை கோழி அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டு பஸ்ஸில் கண்டக்டர் தோளில் ஏறியதை உன் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்களாமே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்