மோசேயின் மாமனார் தனியாக வரவில்லை

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு அம்மா எழுதுவது. ஸ்தோத்திரம். இங்கே அப்பா, நான், மருமகள், பிள்ளைகள் எல்லாரும் சுகம். எப்போது போன் அடித்தாலும் அந்தப் பையன்தான் எடுக்கிறான். "பாஸ்டர் ஜெபத்துல இருக்காங்கம்மா, சொல்லிடறேன்" என்கிறான். நல்ல பிள்ளை, குறை சொல்லவில்லை. ஆனால் அவனிடம் சொல்லி அனுப்புகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

காரைக்குடியில் இன்னும் வெயில் அடங்கவில்லை. பள்ளிக்கூடமெல்லாம் திறந்தாகிவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் ராத்திரி உன் பிரசங்கத்தைப் போனில் வைத்துக் கேட்காமல் படுப்பதில்லை. "நம்ம பய எப்படி வசனத்தைப் பிரிச்சுச் சொல்றான் பாரு" என்று பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்வேனா?

உபவாசம் என்று சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிடுகிறாயாமே. டாக்டரைக் கேட்டாயா? கேட்டுக்கொண்டு இரு. முழு இரவு ஜெபம் முடித்து விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போகாதே. தூங்கு தம்பி. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே" என்றபோது தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தவனைத் திட்டவுமில்லை. "நான் ஒருவன்தான் மீதி" என்று எலியா சொன்னதற்குத்தான் பாகாலுக்கு மண்டியிடாத 7000 பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று ஆண்டவர் கணக்குச் சொன்னார். அதோடு நிறுத்தாமல் உன் இடத்துக்கு எலிசாவை அபிஷேகம் பண்ணு என்றும் சொன்னார். பொங்கலுக்கு வந்தபோது "எல்லாத்தையும் நானேதாம்மா பாக்கணும்" என்றாய். பிரசங்கமும் நீ, கட்டட வேலையும் நீ, மைக் வயர் அறுந்தாலும் நீ. அன்றைக்கே சொல்ல நினைத்தேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய் என்று விட்டுவிட்டேன்.

உன் தாத்தா கண்டனூரில் செட்டியார் வீட்டுக் கணக்கு எழுதினவர். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைத் தொழிலுக்கு, போகிறவர்கள் கதையைச் சின்ன வயதில் உனக்கும் சொல்லியிருக்கிறார். எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன், உதவி பார்க்கிற அடுத்தாளாகி, பிறகு கடையையே நடத்துகிற ஏஜெண்டாவான். ஏஜெண்டுக்கு மூன்று வருடம்தான் கணக்கு. முடிந்ததும் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் அடுத்து வருகிறவனிடம் பேரேட்டையும் பெட்டிச் சாவியையும் ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கப்பல் ஏற வேண்டும். கடைக்கு இவனை விட்டால் ஆளில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். கீழே ஒருவன் வேலை படித்துக்கொண்டே இருந்திருப்பான். உன் சபையில் யார் படித்துக்கொண்டிருக்கிறார்கள்? அந்த வாலிபர் கூட்டத் தம்பி நன்றாகப் பேசுவான் என்று நீயே சொன்னாயே, அவனுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு கொடுத்தால் என்ன?

பொருளாளராக இருந்த பெரியவர் விலகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கட்டட நிதிக்குக் கணக்குக் கேட்டாராம், உனக்கு வருத்தமாம். உன் கை சுத்தம், எனக்குத் தெரியும். பவுலின் கையும் சுத்தம்தான். ஆனால் எருசலேம் பரிசுத்தவான்களுக்குச் சேர்த்த தர்மப் பணத்தைத் தன் உடன் ஊழியன் தீத்துவிடம் மட்டும் விடாமல், ஒருவரும் குற்றப்படுத்த இடம் இருக்கக்கூடாது என்று இன்னும் சகோதரர்களைக் கூட அனுப்பினார். அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரகாம் 1948-ல், பெரிய பேர் வருமுன்பே, கலிபோர்னியாவில் மொடெஸ்டோ என்கிற ஊரில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து சில காரியங்களை முடிவு பண்ணிக்கொண்டார். பணம், பெண்கள் விஷயத்தில் ஒழுக்கம், உள்ளூர்ச் சபைகளைக் குறை பேசாமை, கூட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லாமை. ஒன்றும் நடக்குமுன்பே தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொண்டார். கேள்வி கேட்கிற ஆளை நீ பக்கத்திலேயே வைத்துக்கொள். அந்தப் பெரியவர் வீட்டுக்கு நீயே நடந்து போய்க் கூப்பிடு. உன் மச்சானும் நீயும் மட்டும் கையெழுத்துப் போடுகிற அறக்கட்டளை நல்லதில்லை. ஆமென் சொல்கிறவர்களே சுற்றி இருந்தால் உனக்கு யார் தம்பி உண்மை சொல்வார்கள்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் மருமகள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "அத்தை, இங்க அஞ்சாங் கிளாஸுல இப்ப சேர்த்துக்குவாங்களா?" என்று கேட்டாள். நான் "கேட்டுப் பாக்கலாம்" என்றேன். வேறு என்ன சொல்ல? காம்பெல்லாம் உருவி முடிந்த பிறகும் அந்த வெறும் ஈர்க்கையே கையில் வைத்துக்கொண்டிருந்தாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. லீவுக்கு வந்தவள் இன்னும் கிளம்பவில்லை. தாய் வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்திருக்கிறாள் என்பதை மட்டும் நீ யோசித்துப் பார்.

யாத்திராகமம் 18-ஐ ஊழியர் கூட்டங்களில் நீ எத்தனை தடவை எடுத்துப் பேசியிருப்பாய். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு அதிபதிகளை வை என்று மோசேயிடம் அவன் மாமனார் எத்திரோ சொன்னதை. அதே அதிகாரத்தின் தொடக்கத்தைத் திரும்ப வாசி. மாமனார் தனியாக வரவில்லை. மோசே திருப்பி அனுப்பியிருந்த பெண்டாட்டி சிப்போராளையும் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு வனாந்தரத்துக்கே வந்தார். பாளயத்து வேலையைப் பற்றிய ஆலோசனையெல்லாம் மறுநாள்தான். மோசே மாமனுக்கு எதிர்கொண்டு போனதும், வணங்கி முத்தம் கொடுத்ததும் எழுதியிருக்கிறது. பெண்டாட்டியிடம் என்ன பேசினான் என்று எழுதவில்லை. உன் வீட்டுக் கதையில் அந்த இடம் வெறுமையாக இருக்கக்கூடாது.

நான் கூட்டிக்கொண்டு வரமாட்டேன். நீ வரவேண்டும். இந்த ஞாயிறு ஆராதனையை அந்தத் தம்பியிடம் கொடு. தாம்பரத்தில் பல்லவன் ரயில் ஏறினால் ராத்திரி காரைக்குடி. மாத்திரையை மறக்காமல் எடுத்துக்கொள். இங்கே உன்னை யாரும் பேசக் கூப்பிடமாட்டார்கள், சபையாரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். தூங்கு, பிள்ளைகளோடு இரு.

நான் எழுதினது மருமகளுக்குத் தெரியாது, அப்பாவிடமும் காட்டவில்லை. இதைப் படித்ததும் முதலில் அவளுக்குப் போன் பண்ணு, எனக்கில்லை. அந்தப் பையனை விட்டு அடிக்கச் சொல்லாதே, நீயே பண்ணு. பெரியவள் எடுத்தால் அவளோடும் பேசு, உடனே "அம்மாகிட்ட குடு" என்று சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
அம்மா