அக்காவுக்கு: என் பெயரை எடுத்துவிடச் சொல்

அன்புள்ள அக்கா,

வருகிற ஞாயிறு உன் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. நான் வரவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் இறங்கிப்போவேன், அதனால்தான் எழுதுகிறேன். நம் இரண்டு சபையாரும் இதைப் படிப்பார்கள். ஆகவே உன் பாஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது.

அப்பாவின் அடக்க ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் வைத்துக் கேட்டாயே, "அப்பா எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டார், தெரியுமா?" என்று. பெரியவர்கள் முன்னால் நான் கத்தியதற்கு மன்னித்துக்கொள். ஆனால் கேட்கிற இடமா அது?

தேதி எனக்குத் தெரியாது. குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போன விடியற்காலைதான் தெரியும். நீ வாளியோடு நிற்கிறாய். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு முதல் மரத்தடியில் நிற்கிறார். உதடு மட்டும் ஜெபத்தில் அசைகிறது. "நேற்றும் இதையேதானே கேட்டீர்கள்?" என்றேன். "இன்றைக்கு இன்னும் கேட்கவில்லையே" என்றார். முந்தின வெட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டார். பட்டையை நூலளவு சீவினார். பால் கசிந்து சிரட்டைக்கு இறங்கியது. பழைய வெட்டிலிருந்து ஒரு சொட்டு வராது, உனக்கே தெரியும். நீயும் வெட்டியவள்தானே.

முழுக்கு தவறு என்று நான் சொல்லவில்லை. அத்தானின் வாழ்க்கை மாறியதையும் மறுக்கவில்லை. மற்றது இங்கே வேண்டாம். தண்ணீரில் இறங்கிய அன்றோடு கணக்கு தீர்ந்ததுபோல் நீ பேசுவதுதான் உறுத்துகிறது. வனாந்தரத்தில் தேவன் அன்றன்றைக்குத் தந்த மன்னாவை மறுநாள் விடியும்வரை எடுத்துவைத்தவர்களுக்குப் புழுதான் மிஞ்சியது. "ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?" என்று கலாத்தியரைப் பவுல் கடிந்துகொண்டதும் இதற்காகத்தான். தொடங்கியது கிருபையாம், மீதியை நாமே சமாளித்துக்கொள்வோமாம்! மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் 1806இல் மயிலாடிக்கு வந்த நாள்முதல் நம் பக்கத்தில் எத்தனை தலைமுறை குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்று, கிறிஸ்துவை விடாமல் பற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்கள் எல்லாரிடமும் தேதி கேட்பாயா?

நான் பெரிய விசுவாசி இல்லை. பிரசங்க நேரத்தில் போனைப் பார்க்கிறவன், ஜெபிக்காமலே தூங்கிப்போகிறவன். அதனால்தான் காலையில் மறுபடியும் ஆண்டவரிடமே போகவேண்டியிருக்கிறது. ஒருநாள் தீர்மானத்தை நம்பி இருந்தால் என்றைக்கோ விழுந்திருப்பேன்.

எனக்காக நீ உபவாசம் இருப்பதாக அத்தை சொன்னார். சுகரோடு வேண்டாம் அக்கா, கஞ்சியாவது குடி.

பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல். அப்பாவின் பைபிளையும் கொடுத்தனுப்பு. அது அவர் எனக்குத் தந்தது.

தம்பி