அலுமாரியைத் திறந்து விடுங்கள்: நூலகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நூலகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சிறுவர் பகுதியில் இருந்த சித்திரக்கதைகளை எடுத்து, உசாத்துணைப் பகுதியின் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். "இதெல்லாம் வாசிப்பில் சேராது, பிள்ளைகளைக் கெடுக்கும்" என்று காரணம் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். நேரில் கேட்டும் கடிதம் கொடுத்தும் பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

தரம் ஆறில் என்னிடம் படிக்கும் ஒரு பையன். பாடப்புத்தகத்தை விரித்தால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். பாதி வரியில் தலை குனிந்துவிடும். அதே பையன் இரும்புக்கை மாயாவியை எடுத்தால் வில்லனுக்கு ஒரு குரல், மாயாவிக்கு ஒரு குரல் என்று சத்தம் போட்டு வாசிப்பான். மின்சாரம் பாய்ந்து உடம்பு மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் கட்டம் வந்தால் அடுத்து என்ன என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு வாசித்தாக வேண்டும். இப்படித்தான் அவனுக்குத் தமிழ் ஓடத் தொடங்கியது.

சனிக்கிழமைகளில் பாலையூற்றில் இருந்து சைக்கிளில் வருவான். போன கிழமை அந்த அலுமாரிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, கீழ்த்தட்டுப் புத்தகங்களின் முதுகில் உள்ள பெயர்களைக் கண்ணாடி வழியாக ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தான். திறப்பு யாரிடம் என்று கேட்டேன். "சேரிடம்" என்றார்கள். சேர் எப்போது வருவார் என்பது யாருக்கும் தெரியவில்லை.

பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயம் புதிதல்ல. அமெரிக்காவில் 1954இல் இதே பயத்தில் பதிப்பாளர்களே கூடிச் சித்திரக்கதைகளுக்குத் தணிக்கை விதிகள் கொண்டுவந்தார்கள். பிறகு, போதைப்பொருளின் கேட்டைச் சொல்லும் கதை ஒன்று வேண்டும் என்று அந்நாட்டு அரசின் சுகாதார, கல்வித் திணைக்களமே சித்திரக்கதை எழுத்தாளர் ஸ்டான் லீயிடம் கேட்டது. ஸ்பைடர்மேனில் அவர் எழுதினார். போதைப்பொருளைப் பற்றிப் பேசவே கூடாது என்று பதிப்பாளர்களின் தணிக்கைச் சபை தன் அனுமதி முத்திரையை மறுத்தது. 1971இல் முத்திரை இல்லாமலே மூன்று இதழ்கள் வந்தன. அதே ஆண்டு விதியைத் தளர்த்தினார்கள். பிள்ளைகளுக்குப் போதையின் ஆபத்தைச் சொல்ல ஓர் அரசே தேடிப் போன வடிவம் இது. அதைத்தான் நீங்கள் பூட்டியிருக்கிறீர்கள்.

1962இல் சித்திரக்கதையில் பிறந்த ஸ்பைடர்மேனை இன்றைய பிள்ளை முதலில் பார்ப்பது படத்தில், அப்புறம் கார்ட்டூனில், கேமில். இன்னொரு ஸ்பைடர்மேனான மைல்ஸ் மொராலெஸ் 2011இல் சித்திரக்கதையில் வந்தவன். 2018இல் அனிமேஷன் படம், 2020இல் அவன் பெயரிலேயே கேம். இவற்றை நீங்களோ நானோ பூட்டி வைக்க முடியாது, அப்பாவின் போனிலேயே இருக்கிறது. அதைப் பார்த்த பிள்ளை, "டீச்சர், இது புத்தகமா இருக்குதா?" என்று கேட்டு வருகிறது. போனை விட்டுப் புத்தகத்தைத் தேடி வருகிற அந்தப் பிள்ளைக்குத்தான் பூட்டைக் காட்டுகிறோம்.

ஒக்டோபர் வந்தால் வாசிப்பு மாதம் என்று பதாகை கட்டுகிறோம், பேச்சுப் போட்டி வைக்கிறோம், பிள்ளைகள் வாசிப்பதில்லை என்று மேடையில் கவலைப்படுகிறோம். புலமைப்பரிசில் வழிகாட்டிகளைத் தவிர வேறு புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்கப் பெரியவர்களுக்கு மனம் வருவதில்லை. விரும்பி எடுத்ததையும் பறித்து வைத்துவிட்டுக் கவலைப்பட நமக்கு என்ன உரிமை?

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். புத்தகங்கள் கிழிகின்றன என்ற உங்கள் கவலை நியாயமானது. அதிகம் கைமாறும் புத்தகம் கிழியத்தான் செய்யும். ஒட்டவும் அட்டை போடவும் நானும் சில பெற்றோரும் வருகிறோம். பசையும் அட்டையும் எங்கள் செலவு. நீங்கள் அவற்றைச் சிறுவர் பகுதிக்குத் திருப்பி அனுப்புங்கள், இரவல் கொடுங்கள். அடுத்த தவணை விடுமுறைக்கு முன் இதைச் செய்து தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, சனிக்கிழமைகளிலாவது திறப்பை வாசலில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
திருகோணமலை