1005 எப்படி வந்தது?

மன்னார்குடி
ஆடி 22

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே எல்லோரும் நலம். ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூர் அணையைத் திறந்துவிட்டதால் பாமணியாற்றில் தண்ணீர் ஓடுகிறது. பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் குறுவை பச்சை கட்டி நிற்கிறது. பதினெட்டாம் பெருக்கன்று காப்பரிசி கலந்தபோது உன் நினைவுதான். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் விடுதிக்கு என் அம்மா கொடுத்தனுப்பியதை நீ ஒருத்தியே முக்கால்வாசி தின்றாயே!

ஓசூர்ப் பள்ளியில் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்திருப்பதாகவும், மெல்லக் கற்கும் பிள்ளைகள் என்று பட்டியலில் இருப்பவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் பட்டியலை முதலில் மூடி வை, வசந்தி. பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் நம் கண்ணுக்குப் பிள்ளை தெரிவதில்லை, பெயர் மட்டும்தான் தெரிகிறது. நான் விடாமல் செய்வது ஒன்றுதான். தப்பான விடை வந்தால், சரியானதைச் சொல்வதற்கு முன்பு, அது எப்படி வந்தது என்று பிள்ளையிடமே கேட்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். நூற்று ஐந்து எழுதச் சொன்னேன். 1005 என்று எழுதினாள். எப்படி எழுதினாய் கண்ணு என்றேன். "நூறு எழுதினேன் டீச்சர், பக்கத்தில் ஐந்து எழுதினேன்" என்றாள். யோசித்துப் பார். காதில் விழுந்ததை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாள். இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது? அவளுக்கு வராதது இடமதிப்பு மட்டும்தான். பத்துத் தடவை எழுதி வா என்று அனுப்பினால் 105 சரியாகிவிடும். மறுநாள் இருநூற்று எட்டுக்கு 2008 என்றுதான் எழுதுவாள்.

தென்னை ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, அப்படிப் பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாக வைத்திருக்கிறேன். தரையில் சாக்கட்டியால் மூன்று கட்டம்: நூறு, பத்து, ஒன்று. நூற்று ஐந்தை வைக்கச் சொன்னதும் பெரிய கட்டு ஒன்றையும் உதிரிக் குச்சி ஐந்தையும் வைத்தாள். நடுக்கட்டம் காலி. அங்கே என்ன எழுதலாம் என்றேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் பேசவில்லை. பூஜ்யம் என்று அவளே சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது. இப்படிப் பேசாமல் காத்திருப்பதுதான் நம் வேலையிலேயே கடினமான பகுதி என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுதான் இன்னும் பெரிய தொல்லை. எண்பது வரைக்கும் பத்து, பது என்று வந்துகொண்டிருந்த பெயர், தொண்ணூறில் திடீரென்று நூறாக ஒலிக்கிறது. தொள்ளாயிரமோ ஆயிரமாக ஒலிக்கிறது. தொண்ணூற்று ஐந்துக்கு 905 என்று எழுதுகிற பிள்ளை மந்தமான பிள்ளை இல்லை, நன்றாகக் காது கொடுத்துக் கேட்கிற பிள்ளை.

தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாள்களில் ஐந்து வகுப்பும் என்னிடம் வந்துவிடும். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி, தெரியும் அல்லவா? அப்படி ஒரு நாளில்தான் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பார்த்தேன். அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். 40-ஐ 25-ஆல் பெருக்கி 280 என்று எழுதியிருந்தான். கணக்கை விட்டுவிட்டு, 25 சிப்பம், அதாவது 25 மூட்டை, நெல் எவ்வளவு தம்பி என்றேன். "பத்துக் குவிண்டால்" என்று உடனே சொன்னான். ஒரு சிப்பம் 40 கிலோ. ஐந்து சிப்பம் இரண்டு குவிண்டால். ஐந்து ஐந்தாகக் கூட்டிப் போயிருக்கிறான். அப்படியானால் உன் நோட்டில் உள்ள 280 கிலோ எத்தனை சிப்பம் என்று கேட்டேன். "ஏழுதானே வருகிறது!" என்று அவனே திடுக்கிட்டான். பிறகு நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு, 25-இல் உள்ள 2 வெறும் இரண்டு இல்லை, இருபது என்று கண்டுபிடித்துவிட்டான். களத்து மேட்டில் இவ்வளவு கணக்கு வைத்திருக்கிற பிள்ளையைக் கணக்கு வராதவன் என்று எப்படிச் சொல்வது?

வாசிப்பிலும் இதே கதைதான். எல்லோரும் சேர்ந்து உரக்கப் படிக்கும்போது வகுப்பு கணீரென்று இருக்கும். வாயை மட்டும் அசைக்கிற பிள்ளை அதற்குள் ஒளிந்துகொள்ளும். பாட்டுக்குக் கூட்டுக்குரல் வேண்டும். வாசிப்புக்கு ஒவ்வொருவராக என் பக்கத்தில் உட்கார வேண்டும். அப்போதுதான் 'கொடி' என்பதில் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பார்த்துத் தடுமாறுகிற பிள்ளை யார், எழுத்து தெரிந்தும் கூட்டிப் படிக்கப் பயப்படுகிற பிள்ளை யார் என்பது தெரிகிறது.

இதற்கு நேரம் எங்கே என்று கேட்பாய். பக்கத்துத் திருக்குவளையில் 2023 ஆகஸ்ட் 25 அன்று காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தினார்களே, அது எனக்குப் பெரிய உதவி. நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியலிலேயே கிளம்பிவிடுகிற அம்மாக்களின் பிள்ளைகள் இப்போது நேரத்தோடு வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்து வழிபாட்டு மணி அடிக்கும்வரை வாசிப்புக்காக இரண்டு மூன்று பேரைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் சுவரின் கீழ்ப்பகுதியில் அடித்த கரும்பலகைகளை வெள்ளையடிக்கும்போது மூட விடவில்லை. பிள்ளைகள் தங்கள் உயரத்தில் எழுதினால், நடந்துகொண்டே பத்துப் பேரின் சிந்தனையைப் படித்துவிடலாம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோமே, அதை நான் அடிக்கடி மாற்றுகிறேன். தமிழில் மலராக இருக்கிறவள் கணக்கில் அரும்பாக இருக்கலாம். தமிழ் நேரத்தில் அவள் சொல்லிக்கொடுக்கட்டும், கணக்கு நேரத்தில் கேட்டுக்கொள்ளட்டும். கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டிய பள்ளி விவரங்களைக் கூடியவரை பிள்ளைகள் போன பிறகு பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் இருக்கும் நேரம் அவர்களுக்குத்தான்.

காலாண்டு விடுமுறையில் அம்மாவை அழைத்துக்கொண்டு வா. சம்பா நடவு நடந்துகொண்டிருக்கும், ராஜகோபால சுவாமி கோயிலுக்கும் போய்வரலாம்.

அதற்கு முன் ஒரு காரியம் செய். உன் வகுப்பில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் இருப்பதாக எழுதியிருந்தாய். தொண்ணூற்று ஐந்து என்று தமிழில் சொல்லி அவர்களை எழுதச் சொல். பிறகு அதையே அவர்கள் வீட்டு மொழியில் சொல்லி எழுதச் சொல். இரண்டும் ஒன்றாக வருகிறதா, வேறாக வருகிறதா, ஏன் அப்படி எழுதினார்கள் என்று அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எனக்கு எழுது.

அன்புடன்,
மங்கை