எடி ராபின்சனுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

கிராம்ப்ளிங் மக்களே, வணக்கம்.

எடி ராபின்சன் பேரைச் சொன்னாலே எல்லோரும் 408 வெற்றிகளைத்தான் சொல்கிறார்கள். சரி, நிறவெறிச் சட்டம் கோலோச்சிய லூசியானாவில், கறுப்பின மாணவர்களின் சின்னக் கல்லூரியான கிராம்ப்ளிங்கில் 1941 முதல் 1997 வரை அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளராக இருந்து எடுத்த எண்ணிக்கை அது, லேசுப்பட்டதில்லை. ஆனால் அவரைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

முதலில் கல்லூரித் தலைவர் ரால்ஃப் ஜோன்ஸ். பேட்டன் ரூஜில் தீவன மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 22 வயதுப் பையனை, விளைச்சலில் பங்குக்கு அடுத்தவர் நிலத்தை உழுதவரின் மகனை நம்பி அணியை ஒப்படைத்தவர். சம்பளம் மாதம் 63 டாலர் 75 சென்ட். மைதானத்தில் புல் வெட்டுவது, கோடு போடுவது, பையன்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது, ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்குச் செய்தி எழுதுவது எல்லாமே ராபின்சன்தான். முதல் வருடம் மூன்றே ஆட்டத்தில்தான் ஜெயித்தார்கள், அப்போதும் ஜோன்ஸ் கைவிடவில்லை. அடுத்த வருடம் ஒன்பது ஆட்டமும் வெற்றி, எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

அப்புறம் அந்தப் பருத்திக்காட்டுப் பையன்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராபின்சன் உயர்நிலைப் பள்ளி அணியைப் பார்த்துக்கொண்டபோது, அண்ணன் தம்பி இருவரை அப்பா பருத்தி எடுக்க நிறுத்திக்கொண்டார். ராபின்சன் மொத்த அணியையும் கூட்டிக்கொண்டு காட்டில் இறங்கிவிட்டார். வேலையை முடித்துக் கொடுத்துத்தான் இருவரையும் ஆட அழைத்து வந்தார்கள். கூட இறங்கிய அத்தனை பேருக்கும் நன்றி.

ராபின்சனிடம் ஆடிய டேங்க் யங்கருக்குப் பெரிய கும்பிடு. 1949இல் ராம்ஸ் அணிக்குப் போய், கறுப்பினக் கல்லூரியிலிருந்து தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஆடிய முதல் ஆள் ஆனார். நீ சறுக்கினால் நம் பையன்களுக்கு அடுத்த வாய்ப்பு எப்போது வருமோ என்று சொல்லித்தான் பயிற்சியாளர் அனுப்பினார், அந்தப் பாரத்தோடு ஆடி நிலைத்தார். அவர் பின்னால் கிராம்ப்ளிங்கிலிருந்து 200 பேருக்கு மேல் அங்கே போனார்கள். கிராம்ப்ளிங் பெயரை நாடெங்கும் கொண்டுபோன, கல்லூரியின் விளையாட்டுச் செய்தித் தொடர்பாளர் காலி நிக்கல்சனுக்கும் நன்றி.

டோரிஸ் அம்மா, உங்களுக்கு எப்படிச் சொல்வது! ஒரே வேலை, ஒரே மனைவி, அதுதான் என் உண்மையான சாதனை என்று அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில் அல்சைமர் அவர் நினைவைப் பறித்த வருடங்களிலும், 2007இல் அவர் போகும்வரை, கூடவே இருந்தீர்கள்.

ராபின்சனிடம் ஆடிய டக் வில்லியம்ஸ், என்எஃப்எல் இறுதி ஆட்டமான 1988 சூப்பர் பௌலில், ஆட்டத்தின் கால்வாசி நேரத்துக்குள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும் டச்டவுனுக்கு நான்கு முறை பந்து எறிந்ததற்கு மட்டுமில்லை, ராபின்சன் ஓய்வு பெற்றதும் 1998இல் கிராம்ப்ளிங்குக்கே திரும்பி வந்து அவருடைய அணியை ஏற்றுக்கொண்டீர்களே, அதற்கும் நன்றி.